திமிங்கிலத்தின் வமிசாவளி

கண்ணுக்கு ஒத்திருப்பவை யாவும் உறவுடையவை ஆகா. உறவுடையவை யாவும் கண்ணுக்கு ஒத்திருப்பதும் இல்லை. ஜீவராசிகளை வகுத்தும் தொகுத்தும் ஆராயும் சாஸ்திரத்தின் சரித்திரம் முழுவதையும், இந்த ஓர் உண்மையை மனிதர் படிப்படியாக உணர்ந்துகொண்ட சரித்திரம் என்றே சொல்லிவிடலாம். இதுவரை ஏறத்தாழ 20 லட்சம் இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பொருந்தும் விதிகளைப் பொதுப்படையாக எடுத்துரைப்பதைக் காட்டிலும், ஒரே ஒரு பிராணியைத் தேர்ந்துகொண்டு, அதற்குரிய ஸ்தானத்தை அறிஞர்கள் எவ்வாறு தேடினார்கள், எங்கெங்கே வழி தவறினார்கள், எந்தச் சாட்சியத்தைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று வரிசையாகப் பார்த்துவருவோமானால், இந்தச் சாஸ்திரத்தின் முறைகள் தாமாகவே விளங்கிவிடும். அதற்கு மிகத் தகுந்த பிராணி திமிங்கிலம்.

மீனா, மிருகமா?

கடலில் பிறந்து, கடலில் வாழ்ந்து, கடலிலேயே மடிவது. மீனுக்குரிய உருவமும் துடுப்பும் வாலும் வாய்த்தது. கரை ஒதுங்கினால் பிழைக்க வகையற்றது. இத்தகைய பிராணியை மீன் என்று எண்ணியதில் வியப்பொன்றும் இல்லை. ஆயினும், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில், டால்ஃபினும் திமிங்கிலமும் செவுள்களின்றி நுரையீரலாலேயே சுவாசிக்கின்றன என்பதையும், முட்டையிடாமல் குட்டி ஈன்று அதற்குப் பாலூட்டுகின்றன என்பதையும் கவனித்து, அவற்றை மீன்களினின்றும் பிரித்துத் தனி வகையாக வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களுள் பலர் இந்த நுட்பத்தைப் பெரிதாகக் கொள்ளாமல், நீரில் வாழ்வன எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்து எழுதிவந்தார்கள்.

ஜீவராசிகளுக்கு இன்றும் வழங்கும் பெயரிடு முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து அறிஞர் கார்ல் லின்னேயஸும் முதலில் அவ்வாறே செய்தார். 1735ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிஸ்டமா நாச்சுரே' என்னும் நூலின் முதற்பதிப்பு, பெரிய அளவில் அச்சிட்ட சில தாள்களே கொண்டது. அதில் திமிங்கிலம் மீன்களின் வகுப்பில் இருந்தது. ஆனால் 1758இல் வந்த பத்தாம் பதிப்பில், வெப்பமான குருதி, நுரையீரல், குட்டிக்குத் தரும் பால் ஆகிய லட்சணங்களை முதன்மையாக வைத்துப் 'பாலூட்டிகள்' என்ற புதிய வகுப்பை அமைத்து, திமிங்கிலத்தை அதில் சேர்த்தார். பிராணிகளின் விஞ்ஞானப் பெயர்களுக்கு இந்தப் பத்தாம் பதிப்பையே தொடக்க நூலாக இன்றுவரை உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

புத்தகத்தில் மாறிய கருத்து ஜனங்களின் மனத்தில் அவ்வளவு விரைவில் மாறிவிடவில்லை. 1818ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில், மீனெண்ணெய் யாவும் அரசாங்கப் பரிசோதகரின் சோதனைக்கு உட்படவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. எண்ணெய் வியாபாரியாகிய சாமுவேல் ஜட் என்பவர், தாம் வாங்கியது திமிங்கில எண்ணெய் என்றும், திமிங்கிலம் மீன் அன்றாகையால் சோதனைக் கட்டணம் செலுத்தத் தமக்குக் கடமை இல்லை என்றும் சொல்லவே, பரிசோதகராகிய ஜேம்ஸ் மாரிஸ் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் நடந்த விசாரணையில், அக்காலத்துப் புகழ்பெற்ற இயற்கையியல் அறிஞராகிய சாமுவேல் மிச்சில் சாட்சிக் கூண்டில் நின்று, திமிங்கிலம் பாலூட்டி வகுப்பைச் சேர்ந்தது என்று விரிவாக எடுத்துக் கூறினார். எனினும் ஜூரிகள் பரிசோதகரின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

அந்த ஜூரிகளை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. எண்ணெய்ச் சந்தையில் பழகிய மனிதர், பிராணி வாழும் இடத்தையும் அது மனிதருக்குத் தரும் பயனையும் கொண்டு பிரிவு செய்தார்கள்; மிச்சில் அதன் உடலமைப்பைக் கொண்டு பிரிவு செய்தார். எதற்காகப் பிரிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரையில், இவ்விரு பிரிவுகளுள் ஒன்று மற்றொன்றைவிட மெய்யானது என்று சொல்வதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அந்த விடை கிடைப்பதற்கு இன்னும் 41 ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

வகுப்பு என்பது வமிசமே

இனங்கள் சில சேர்ந்து ஒரு பேரினமாகவும், பேரினங்கள் பல சேர்ந்து ஒரு குடும்பமாகவும், குடும்பங்கள் சேர்ந்து வரிசையாகவும், வரிசைகள் சேர்ந்து வகுப்பாகவும் அமைவதை லின்னேயஸின் வழிவந்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் ஜீவராசிகள் இவ்வாறு ஒன்றனுள் ஒன்று அடங்கிய கூட்டங்களாக அமைந்திருப்பதற்குக் காரணம் என்ன என்பதை அவர்களால் சொல்ல இயலவில்லை. 1859ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல் அந்தக் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிற்று. ஒரு மூதாதையினின்றும் பல சந்ததிகள் கிளைத்து, அக்கிளைகள் மேலும் கிளைத்து வந்திருக்குமானால், அவற்றின் கூட்டங்கள் ஒன்றனுள் ஒன்று அடங்கியே தீரும். அந்நூலில் இருக்கும் படம் ஒன்றே ஒன்று. அது கிளைவிட்டுப் பிரியும் வமிசாவளியின் படம். அன்று முதல் வகைப்பாடு என்பது பொருள்களை வசதிக்காக அடுக்கிவைக்கும் வேலையாக இருந்த நிலை மாறி, நடந்துபோன ஒரு வரலாற்றைக் கண்டறியும் ஆராய்ச்சியாயிற்று. இந்த வமிச உறவு ஒருவர் விருப்பத்தையும் பொறுத்ததன்று. நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அது உள்ளபடியே இருக்கும்.

இந்த நோக்குடன் திமிங்கிலத்தின் உடலை ஆராய்ந்தால், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு சாசனமாகவே இருப்பதைக் காணலாம். அதன் துடுப்பை அறுத்துப் பார்த்தால், உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு எலும்புகள், விரல் எலும்புகள் என்று நம் கையில் உள்ள அதே வரிசையில் எலும்புகள் அமைந்திருக்கின்றன. நீரைத் தள்ளுவதற்கு விரல்கள் எதற்கு என்று கேட்டால், விரலுடைய மூதாதையிடமிருந்து வந்த உடைமை என்பதைத் தவிர வேறு விடை இல்லை. பல் இல்லாமல் வாயில் உள்ள சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடித்துண்ணும் பெருந்திமிங்கிலங்களின் கருவில் பற்களின் முளைகள் தோன்றிப் பின்னர் மறைந்துவிடுகின்றன என்பதை, டார்வின் பிறப்பதற்கு முன்பே, 1807இல், பிரெஞ்சு அறிஞர் ஜொஃப்ருவா செயின்ட் ஹிலேர் கண்டறிந்திருந்தார். மீன் தன் உடலை இடமும் வலமும் வளைத்து நீந்துகிறது. திமிங்கிலமோ, தரையில் பாய்ந்தோடும் மிருகம் முதுகை வளைப்பதுபோல், மேலும் கீழுமாக வளைந்து நீந்துகிறது.

அப்படியானால் மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள உருவ ஒற்றுமை எங்கிருந்து வந்தது? நீரில் விரைந்து செல்ல வேண்டிய உடல் எதுவாயினும், நீரின் தடை அதை ஏறக்குறைய ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சுறா, பழங்காலக் கடலில் வாழ்ந்து மடிந்த இக்தியோசார் என்னும் ஊர்வன, டால்ஃபின் ஆகிய மூன்றும் வெவ்வேறு வமிசங்களில் தோன்றியும் ஒரே வடிவத்தைப் பெற்றதற்குக் காரணம் இதுவே. ஒரே தொழிலால் வந்த ஒற்றுமை வேறு, ஒரே பிறப்பால் வந்த ஒற்றுமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்தச் சாஸ்திரத்தின் தலையாய பணி.

உறவினர் யார்?

திமிங்கிலம் பாலூட்டி என்பது முடிந்த முடிவாயிற்று; பாலூட்டிகளுள் அதற்கு நெருங்கிய சுற்றம் எது என்பதிலேயே நூறாண்டு வழக்கு நடந்தது. 1883இல் லண்டனில் வில்லியம் ஃபிளவர் என்னும் அறிஞர், திமிங்கிலத்தின் உள்ளுறுப்புகள் பலவற்றை எடுத்துக்காட்டி, அதன் மூதாதையைக் குளம்புள்ள பிராணிகளிடையே தேடவேண்டும் என்று உரையாற்றினார். 1945இல் பாலூட்டிகள் அனைத்தையும் வகைப்படுத்திய அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்ஸன், எந்தக் கூட்டத்தோடும் திமிங்கிலத்தைச் சேர்க்கத் துணியாமல், அதனைத் தனியே ஒதுக்கி வைத்தார். 1966இல் லீ வான் வேலன், மெஸோனிக்கிடுகள் என்னும் அழிந்துபோன மாமிச பட்சிணிகளின் முக்கோணப் பற்கள் ஆதித் திமிங்கிலங்களின் பற்களை ஒத்திருப்பதைக் கண்டு, அவையே திமிங்கிலத்தின் மூதாதைகள் என்றார். புதைபடிவ ஆராய்ச்சியாளர் பலரும் பல ஆண்டுகள் இந்தக் கருத்தையே ஏற்றிருந்தனர்.

இவ்வாறு கருத்துகள் முரண்படும்போது எந்த ஒற்றுமைக்கு மதிப்புக் கொடுப்பது என்பதற்கு ஒரு முறையை வகுத்துத் தந்தவர் வில்லி ஹென்னிக் என்னும் ஜெர்மானியர். ஈக்களையும் கொசுக்களையும் ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட இவர், இரண்டாம் உலகப் போரின் முடிவில் இத்தாலியில் போர்க் கைதியாக இருந்தபோது எழுதத் தொடங்கிய நூல் 1950இல் வெளிவந்தது. அவர் சொன்ன தத்துவத்தை நம் நாட்டு ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒரு பழைய நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்தால், அவற்றுள் எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர் எவ்வாறு துணிகிறார்? பத்துச் சுவடிகளிலும் சரியான பாடமே இருக்கும் இடங்கள் அவருக்கு உதவமாட்டா. அவை யாவும் மூலத்திலிருந்து வந்தவை. மூன்று சுவடிகளில் மட்டும் ஒரே அடியில் ஒரே சொல் ஒரே விதமாகப் பிழைபட்டிருந்தால், அந்த மூன்றும், அப்பிழையை முதலில் செய்த ஒரு சுவடியின் வழிவந்தவை என்று அவர் துணிந்துவிடலாம். ஜீவராசிகளிலும் அப்படியே. உரோமமும் பாலும் பாலூட்டிகள் அனைத்துக்கும் பொதுவாகையால், திமிங்கிலம் பசுவுக்கு உறவா, ஓநாய்க்கு உறவா என்ற கேள்விக்கு அவை சாட்சி சொல்லமாட்டா. இடையிலே புதிதாகத் தோன்றி, சில சந்ததிகளுக்கு மட்டும் வாய்த்த விசேஷ லட்சணங்களே கிளைகளின் உறவைக் காட்டும். ஒரு மூதாதையையும் அதன் சந்ததி முழுவதையும், ஒன்றும் விடுபடாமல் அடக்கிய கூட்டமே மெய்யான கூட்டம் என்பதும் ஹென்னிக்கின் கொள்கை.

குருதியின் சாட்சி

எலும்பும் பல்லும் தொழிலுக்கேற்ப உருமாறக் கூடியவை. ஆகவே வாழ்க்கை முறையால் எளிதில் மாறாத வேறு சாட்சியை அறிஞர் நாடினார்கள். ஒரு பிராணியின் குருதிநீரை முயலுக்குச் செலுத்தினால், முயலின் குருதியில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. அந்த எதிர்ப்பொருளுடன் வேறொரு பிராணியின் குருதிநீரைக் கலக்கும்போது, உறவு நெருங்க நெருங்க வீழ்படிவு மிகுகிறது. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் நட்டால் 1904இல் விரிவாக வெளியிட்ட இந்த முறையைக் கையாண்டு, 1950இல் ஆலன் பாய்டனும் டக்ளஸ் ஜெமராயும், திமிங்கிலத்தின் குருதி ஏனைய பாலூட்டி வரிசைகளைக் காட்டிலும் பசு, ஆடு, பன்றி முதலிய இரட்டைக்குளம்புப் பிராணிகளின் குருதிக்கே நெருங்கியது என்று கண்டார்கள். பல்லையும் எலும்பையும் நம்பியவர்கள் இந்த முடிவைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

டி.என்.ஏ.யில் அமைந்த எழுத்துகளை நேராகப் படிக்கும் ஆற்றல் கைவந்த பிறகு இந்த வழக்கு தீவிரமாயிற்று. ஜீவ அணுக்களில் உள்ள டி.என்.ஏ.யில், சில நூறு எழுத்துகளே கொண்ட சிறு துணுக்குகள் சில, தம்மைத் தாமே படியெடுத்து வேறோர் இடத்தில் புகுந்துகொள்ளும் இயல்புடையவை. கோடிக்கணக்கான இடங்களுள் எந்த இடத்தில் புகும் என்பது தற்செயல். புகுந்த பின் அங்கிருந்து அடையாளமின்றி நீங்குவது மிக மிக அரிது. ஆகவே இரண்டு பிராணிகளில் ஒரே துணுக்கு ஒரே இடத்தில் இருக்குமானால், அது அவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதையில் ஒரு முறை புகுந்தது என்றே கொள்ளவேண்டும். ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவும் அவர் குழுவினரும் இத்தகைய துணுக்குகளைத் தேடி, திமிங்கிலம், நீர்யானை, அசை போடும் பிராணிகள் ஆகிய மூன்றிலும் ஒரே இடங்களில் இருந்து, பன்றியிலும் ஒட்டகத்திலும் இல்லாத சிலவற்றை 1997இல் வெளியிட்டார்கள். 1999இல், திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் மட்டுமே உள்ளவற்றையும் காட்டினார்கள். நெடுங்காலமாகப் பன்றியின் இனத்தாராகக் கருதப்பட்டுவந்த நீர்யானைக்குப் பன்றியைவிடத் திமிங்கிலமே நெருங்கிய உறவு என்பது இதன் பொருள். நீர்யானையிலிருந்து திமிங்கிலம் பிறந்தது என்று இதனைக் கொள்ளலாகாது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த பொது மூதாதை ஒன்றிலிருந்து அவ்விரண்டும் இரு கிளைகளாகப் பிரிந்தன என்பதே சரி.

கல்லில் கிடைத்த கணுக்கால்

குருதியும் மரபணுவும் ஒன்று சொல்ல, பற்கள் வேறொன்று சொல்லின. இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டியது, நடந்து திரிந்த காலத்துத் திமிங்கிலத்தின் கால்; அந்தக் காலைத் தேடவேண்டிய இடம் நம் உபகண்டத்தின் வடமேற்கு மூலை. இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு வந்து மோதிய காலத்தில் இடையே இருந்த டெத்திஸ் என்னும் கடல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆழமற்ற கரையோரங்களிலும் அதில் விழுந்த ஆறுகளிலும் ஆதித் திமிங்கிலங்கள் வாழ்ந்தன. அந்தச் சேறே இன்று பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பாறையாக நிற்கிறது. 1981இல் பிலிப் ஜிஞ்சரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பாகிஸ்தானில் கிடைத்த, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஒரு மண்டையோட்டை ஆராய்ந்து, அதற்குப் பாகிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். அதன் செவியெலும்பில் திமிங்கிலத்துக்கே உரிய தடித்த விளிம்பு இருந்தது. 1990இல் எகிப்து நாட்டு வாடி அல்-ஹிடான் பாலைவனத்தில், முற்றிலும் கடல்வாசியாகிவிட்ட பாஸிலோசாரஸ் என்னும் நீண்ட திமிங்கிலத்துக்கும் முழங்காலும் விரல்களும் அமைந்த சிறு பின்கால்கள் இருந்தமை வெளிப்பட்டது. 1994இல் ஹான்ஸ் தேவிஸன், நடக்கவும் நீந்தவும் வல்ல ஆம்புலோசீட்டஸை வருணித்தார்.

இரட்டைக்குளம்புப் பிராணிகளின் கணுக்காலில் உள்ள ஓர் எலும்பு, மேல்முனை கீழ்முனை இரண்டிலும் கப்பியின் வடிவம் கொண்டது. மற்றப் பாலூட்டிகளில் மேல்முனை மட்டுமே அவ்வாறிருக்கும். இடையில் ஒரே வமிசத்தில் புதிதாகத் தோன்றிய லட்சணம் என்று ஹென்னிக் தேடச் சொன்னது இதைப் போன்ற ஒன்றையே. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜிஞ்சரிச்சின் குழு பலூசிஸ்தானத்தில் கண்டெடுத்த ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் ஆகியவற்றின் கணுக்காலையும், தேவிஸனின் குழு பாகிசீட்டஸின் கணுக்காலையும் தனித்தனியே வெளியிட்டன. எல்லாவற்றிலும் இரட்டைக் கப்பி தெளிவாக இருந்தது. அதுவரை மெஸோனிக்கிடுகளின் பக்கமே நின்ற ஜிஞ்சரிச், தம் கையில் இருந்த எலும்பின் சாட்சியத்துக்குத் தலைவணங்கித் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். முக்கோணப் பற்களின் ஒற்றுமை, ஒரே விதமான இரையைத் தின்றதால் வந்த ஒற்றுமை என்று தெளிவாயிற்று.

மற்றொரு முக்கியமான சாட்சியம் நம் நாட்டவர் ஒருவரின் உழைப்பால் கிடைத்தது. இந்திய நிலநூல் அறிஞர் ஏ. ரங்கராவ், ஜம்மு-காஷ்மீரில் உள்ள காலாகோட்டில் சேகரித்த படிவங்களிலிருந்து இந்தோஹையஸ் என்னும் சிறு இரட்டைக்குளம்புப் பிராணியை 1971இல் வருணித்தார். அவர் உடைக்காமல் வைத்திருந்த பாறைகளை, அவர் காலமான பின்பு தேவிஸன் பெற்று ஆராய்ந்தபோது, பூனையினும் சற்றே பெரிய அந்தப் பிராணியின் செவியெலும்பிலும் திமிங்கிலத்துக்கே உரியதாக எண்ணியிருந்த அதே தடித்த விளிம்பு காணப்பட்டது. கால் எலும்புகளோ, நீரின் அடியில் நடக்கும் பிராணிகளுக்கு உள்ளதுபோல் கனத்திருந்தன. 2007இல் இந்த முடிவுகள் வெளியாயின. திமிங்கிலத்தின் மூதாதையர் நீரோடு பழகியது, அவர்கள் திமிங்கிலம் ஆவதற்கும் முன்பே என்பதை இது புலப்படுத்திற்று.

பெயரும் உண்மையும்

இத்தனைக்கும் பின்னர், குளம்பே இல்லாத திமிங்கிலத்தை இரட்டைக்குளம்புப் பிராணிகளின் வரிசைக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை; பசு, நீர்யானை, பன்றி, ஒட்டகம் ஆகியவற்றை ஒரு கூட்டமாக்கித் திமிங்கிலத்தை மட்டும் வெளியே நிறுத்தினால், ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுள் ஒருவனை மட்டும் வமிசாவளியிலிருந்து நீக்கிய குற்றம் நேரும். இதே விதி வேறிடங்களிலும் நம் பழக்கத்தைத் திருத்துகிறது. முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு. நுரையீரல் மீனுக்குச் சுறாவைவிடப் பசுவே நெருங்கிய உறவு. ஊர்வன என்றும் மீன் என்றும் நாம் வழங்கும் பெயர்கள் அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படும். வமிசத்தைச் சொல்ல அவை போதா. நியூயார்க் ஜூரிகளுக்கும் மிச்சிலுக்கும் இடையே தோன்றிய வழக்கின் உண்மையான தீர்வு இதுதான்: சந்தைக்கு ஒரு பிரிவு போதும், ஆனால் ஒரு பிராணி எவ்வாறு இப்படி ஆயிற்று என்று அறிய விரும்புவோருக்கு, பிறப்பு வழியாக அமைந்த பிரிவு ஒன்றே விடை தரும்.

அப்பிரிவு சரியானதா என்பதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. மெய்யான வகைப்பாடு, தெரிந்தவற்றை ஒழுங்குபடுத்துவதோடு நில்லாமல், இன்னும் காணாதது எப்படி இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். காலுள்ள திமிங்கிலம் கிடைத்தால் அதன் கணுக்காலில் இரட்டைக் கப்பி இருக்கவேண்டும் என்பது மரபணு ஆராய்ச்சியின் முடிவிலிருந்தே பெறப்பட்டது. மெஸோனிக்கிடுகளை நம்பியோரின் கருத்துப்படி அது இருக்கவே கூடாது. பாறை உடைந்தபோது இருந்தது இரட்டைக் கப்பியே. தம்முள் தொடர்பில்லாத குருதியும் மரபணுவும் செவியெலும்பும் கணுக்காலும் ஒரே வரலாற்றைச் சொல்லும்போது, அது நம் கற்பனை என்று ஒதுக்க யாராலும் இயலாது. நாளைக்கு வேறொரு சாட்சியம் வந்து ஒரு கிளையின் இடத்தை மாற்றினாலும் மாற்றலாம். அதற்கு இடம்கொடுத்தே ஒவ்வொரு கிளையும் வரையப்படுகிறது. தான் தவறாக இருந்தால் அதை எந்த எலும்பு காட்டிக்கொடுக்கும் என்பதைத் தானே முன்னதாகச் சொல்லிவைக்கும் அந்த நேர்மையினாலேதான், ஜீவராசிகளின் வகைப்பாடு பெயர்ப் பட்டியல் என்ற நிலையினின்றும் உயர்ந்து விஞ்ஞானம் ஆகிறது.